நீல அட்டையும் சிவப்பு அட்டையும்: குடியேற்றக் கேள்விகளுக்கு வரலாறு தரும் விடை



முதலாம் ஆண்டு மாணவர் பதிவு தொடங்கினால் பள்ளி அலுவலகத்தில் இருவகைப் பெற்றோரைக் காணலாம். ஒரு சாரார் அண்மையில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். மலேசியரை மணந்து வந்த பெண்கள் இவர்களுள் மிகுதி. நிறுவனங்களில் பணிபுரிய வந்தோரும் உளர். மற்றொரு சாரார் மூன்று நான்கு தலைமுறைகளாக இம்மண்ணில் வாழ்பவர்கள். ஆயினும் அவர்கள் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை.

முதல் சாரார், “எத்தனை ஆண்டுகள் இருந்தால் நிரந்தர வசிப்பிடத் தகுதி கிடைக்கும்? இங்கே பிறந்த எம் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டா?” என வினவுகின்றனர். இரண்டாம் சாரார் கேட்பதோ, “எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இங்கேதானே இருக்கிறோம், எங்களுக்கு மட்டும் ஏன் சிவப்பு ஐசி?” என்பதாகும்.

இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகளாகத் தோன்றினும் வேர் ஒன்றே. நீண்ட காலம் வாழ்ந்தால் உரிமை தானே வந்து சேரும் என்ற நம்பிக்கைதான் அவ்வேர். இந்நாட்டின் குடியேற்ற வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அந்நம்பிக்கை முழுமையாகச் சரியன்று என்பது புலனாகும். எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தோம் என்பதோடு, எந்த நாளில் எந்தப் பத்திரம் நம் கையில் இருந்தது என்பதும் நம் நிலையைத் தீர்மானித்திருக்கிறது. இதனைப் பெற்றோர்க்கு விளக்கிச் சொல்லும் கடமை ஆசிரியர்களாகிய நமக்கு உண்டு. நான் வழக்கறிஞர் அல்லேன். ஒவ்வொருவருக்கும் உரிய முடிவான விடையைத் தேசியப் பதிவுத் துறையும் குடிநுழைவுத் துறையுமே தர இயலும். அவ்விடங்களுக்குச் செல்லும் முன் நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாற்றைக் கேள்வி பதிலாகக் கீழே வரிசைப்படுத்தியுள்ளேன்.

அன்று கப்பலேறி வந்தவர்களிடம் என்ன பத்திரம் கேட்டார்கள்?

1786ஆம் ஆண்டு பினாங்கில் கிழக்கிந்தியக் கம்பெனி கால் பதித்தது முதல் தமிழர்களின் வருகை பெருகியது. வணிகர், கூலிகள், சிப்பாய்கள், தண்டனைக் கைதிகள் எனப் பல வகையினர் வந்தனர். நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை 1867 வரை இந்தியாவிலிருந்தே ஆளப்பட்டன. ஆகவே சென்னையிலிருந்து பினாங்குக்குச் செல்வது, ஓர் ஆட்சியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் செல்வது போன்றதுதான்.

கரும்புத் தோட்டங்களும் காப்பித் தோட்டங்களும், பின்னர் இரப்பர்த் தோட்டங்களும் தோன்றியபோது ஆள் தேவை பன்மடங்காயிற்று. முதலில் ஒப்பந்தக் கூலி முறை நடைமுறையில் இருந்தது. கடனோடு வந்து, குறித்த ஆண்டுகள் உழைத்துத் தீர்க்க வேண்டிய அக்கொடிய முறை மலாயாவில் 1910இல் முடிவுக்கு வந்தது. அதனுடன் வளர்ந்து, பிறகு அதன் இடத்தைப் பிடித்தது கங்காணி முறை. தோட்டத்துக் கங்காணி தம் சொந்த ஊருக்கே சென்று, உறவினரையும் ஊராரையும் திரட்டி அழைத்து வருவார். வழிச்செலவுக்கென 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகள் அதற்குப் பணம் செலுத்தினர்.

ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தொழிலாளர்கள் தங்க வைக்கப்பட்டனர். அங்கு அவர்களது உடல்நிலை சோதிக்கப்பட்டது, அம்மை குத்தப்பட்டது. பிறகு கப்பலின் தளத்தில் பாய் விரித்து வங்கக் கடலைக் கடந்தனர். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜுலா கப்பலின் பெயரைக் கேட்டிராத பழைய தோட்டக் குடும்பமே இல்லை எனலாம். நோய் பரவாதிருக்க, பினாங்கிற்கு அருகிலுள்ள ஜெரஜாக் தீவில் வந்தோரைத் தனித்து வைத்த பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பினர்.

அக்காலத்தில் யாரும் தொழிலாளியிடம் ‘நீ எந்நாட்டுக் குடிமகன்?’ என்று வினவவில்லை. இந்தியாவும் மலாயாவும் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்தன. வந்தவர் பிரிட்டிஷ் பிரஜை. 1933இல் அந்நியர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சீன நாட்டிலிருந்து வரும் ஆண்களுக்கு எண்ணிக்கை வரம்பு விதிக்கப்பட்டது. இந்தியர்கள் பிரிட்டிஷ் பிரஜைகளாதலின் அவ்வரம்பு அவர்களைத் தொடவில்லை. அன்று அது ஒரு சலுகையாகத் தோன்றியது. எனினும் ‘நாம் வந்ததற்கும் இருப்பதற்கும் பத்திரம் தேவையில்லை’ என்ற எண்ணம் நம்மவர் மனத்தில் வேரூன்ற இதுவும் ஒரு காரணமாயிற்று.

பின்னர் வாயில்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. 1938ஆம் ஆண்டு ஜூன் மாதம், தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்ததையொட்டி, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசே தடை செய்தது. அடுத்து உலகப் போர் மூண்டது. போருக்குப் பின் இயற்றப்பட்ட குடிநுழைவுச் சட்டம் 1953இல் நடைமுறைக்கு வந்தபோது, தொழில்திறன் உடையோரும் ஏற்கெனவே இங்கு வாழ்ந்தோரின் நெருங்கிய குடும்பத்தாரும் மட்டுமே எளிதில் நுழையக்கூடிய நிலை உருவாயிற்று. தோட்ட வேலைக்கென மூட்டை முடிச்சோடு கப்பலேறி வரும் காலம் அத்துடன் முடிந்தது.

அடையாள அட்டை எப்போது, எதற்காக வந்தது?

அடையாள அட்டை குடியுரிமையைக் காட்டுவதற்காகப் பிறந்தது என்றே பலர் கருதுகின்றனர். அது சரியன்று. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் இருந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளையும் வெளியே வாழ்ந்த பொதுமக்களையும் பிரித்தறியும் பொருட்டு, 12 வயது நிரம்பிய அனைவரும் பதிந்துகொண்டு, படம் ஒட்டிய அட்டையை உடன் வைத்திருக்க வேண்டுமென்று அரசு ஆணையிட்டது. அது பாதுகாப்புக்காகப் பிறந்த அட்டை.

இன்றும் நம் மாணவர்கள் 12 வயதில்தான் மைகார்டு எடுக்கின்றனர். ஆறாம் ஆண்டு மாணவனின் சட்டைப்பையில் இருக்கும் அட்டையின் வயதுக் கணக்கு அவசரகாலத்திலிருந்து வந்தது என்பதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் வியப்புடன் கேட்பார்கள்.

1960இல் தாள் அட்டைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் உறையிட்ட அட்டை வந்தது. நிறமும் பொருள் பெற்றது. குடிமக்களுக்கு நீலம், நிரந்தர வசிப்பிடத் தகுதி உடையோர்க்குச் சிவப்பு, தற்காலிகமாகத் தங்கியிருப்போர்க்குப் பச்சை என வழக்கம் நிலைபெற்றது. 2001 செப்டம்பரில் மைகார்டு அறிமுகமான பின்னரும் இந்நிறப் பாகுபாடு தொடர்கிறது. ஒரே லயத்தில், ஒரே பால்மரக் காட்டில் உழைத்தோர் நிறத்தால் பிரிந்தது இவ்வாறுதான்.

குடியுரிமை யாருக்கு, எப்போது கிடைத்தது?

1946 ஏப்ரல் முதல் நாள் மலாயன் யூனியன் உருவானபோது, இங்குப் பிறந்தோர்க்கும் நீண்ட காலம் வாழ்ந்தோர்க்கும் தாராளமாகக் குடியுரிமை வழங்கும் திட்டம் இருந்தது. மலாய் மக்களின் கடும் எதிர்ப்பால் அத்திட்டம் கைவிடப்பட்டு, 1948 பிப்ரவரி முதல் நாள் மலாயாக் கூட்டரசு பிறந்தது. அதன் விதிகள் இறுக்கமானவை. இங்குப் பிறந்தவர் விண்ணப்பத்திற்கு முந்திய 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகளும், வெளியில் பிறந்தவர் 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகளும் இங்கு வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஊருக்குச் சென்று திரும்பியோரும், தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியோரும் அதனை மெய்ப்பிப்பது எளிதன்று. 1952இல் இவ்விதிகள் ஓரளவு தளர்த்தப்பட்டன.

1957 ஆகஸ்டு 31இல் நாடு விடுதலை பெற்றபோது பெரியதொரு கதவு திறந்தது. அன்றைய அரசமைப்புச் சட்டப்படி மூன்று வழிகள் முதன்மையானவை.

முதலாவது, விடுதலை நாளன்றோ அதற்குப் பின்னரோ இம்மண்ணில் பிறந்த குழந்தை, பிறப்பினாலேயே குடியுரிமை பெற்றது.

இரண்டாவது, விடுதலைக்கு முன் இங்குப் பிறந்து 18 வயது நிரம்பியவர், முந்திய 7 ஆண்டுகளில் 5 ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருந்தால் பதிந்துகொள்ளலாம். அடிப்படை மலாய் மொழி அறிவு வேண்டும். ஆனால் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்க்கு மொழித் தேர்விலிருந்து விலக்கு உண்டு.

மூன்றாவது, வெளியில் பிறந்து இங்கு வாழ்ந்தவர், 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் பதிந்துகொள்ளலாம். இவர்களுள் 45 வயதைக் கடந்தவர் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மட்டுமே மொழித் தேர்வு இல்லை.

‘ஓராண்டுக்குள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அச்சலுகை 1958 ஆகஸ்டில் முடிவுற்றது. 1962இல் மேலும் ஒரு மாற்றம் வந்தது. இங்குப் பிறந்தால் போதும் என்ற நிலை போய், குழந்தை பிறக்கும்போது பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரமாக வசிப்பவராகவோ இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. ஆக, 1958இல் பிறந்த குழந்தைக்கும் 1963இல் பிறந்த குழந்தைக்கும் அளவுகோல் வேறு.

பலர் ஏன் விண்ணப்பிக்கவில்லை?

“படிக்காத சனங்கள், அக்கறை இல்லை” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். என் குடும்பத்தையே எடுத்துக்காட்டாகக் கூறுகிறேன்.

என் தாத்தா பேராக்கில், அந்நாளில் தெலுக் ஆன்சன் என்று அழைக்கப்பட்ட தெலுக் இந்தானுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் 1919இல் பிறந்தவர். பாட்டி திருச்சிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, 1937இல் 11 வயதில் தம் தந்தையோடு ரஜுலாவில் வந்தவர். தடை வருவதற்கு ஓராண்டுக்கு முன்னர் அவர் கடலைக் கடந்துவிட்டார். இருவருக்கும் திருமணம் நடந்தது சப்பான்காரன் காலத்தில், தோட்டத்து மாரியம்மன் கோவிலில். பதிவுப் பத்திரம் ஏதும் இல்லை.

1958ஆம் ஆண்டு தோட்டத்துக் கிராணி ஒருவர் பாரங்களை எழுதிக் கொடுக்க, தாத்தா தம்மையும் விடுதலைக்கு முன் பிறந்த பிள்ளைகளையும் பதிந்துகொண்டார். இங்குப் பிறந்தவராதலின் அவருக்கு மொழித் தேர்வு இல்லை. பாட்டிக்கு அப்போது 32 வயது. வெளியில் பிறந்தவர், 45 வயதும் ஆகவில்லை. எனவே விலக்கு இல்லை. சந்தையில் மலாய் பேசத் தெரிந்தவர்தாம். ஆனால் அதிகாரி முன் நின்று தேர்வு கொடுப்பதென்றால் அவருக்கு நடுக்கம். குடிமகனின் மனைவி என்ற முறையில் பதிந்துகொள்ள வேறொரு வழி சட்டத்தில் இருந்தது. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் திருமணத்திற்குச் சான்று கேட்டிருப்பார்கள்.

இதனால் ஒரே வீட்டில் தாத்தாவுக்குப் பதிவினால் குடியுரிமை, பின்னர்ப் பிறந்த என் சிற்றப்பாவுக்கும் அத்தைகளுக்கும் பிறப்பினால் குடியுரிமை, பாட்டிக்குச் சிவப்பு அட்டை என்றாயிற்று. 61 ஆண்டுகள் இம்மண்ணில் வாழ்ந்து, பால்மரம் சீவி, எழுவரை வளர்த்து, 1998இல் மறையும் வரை அவர் ஒரு தேர்தலிலும் வாக்களித்ததில்லை. தேர்தல் நாளன்று அனைவரும் புறப்பட்டுச் சென்ற பின், வீட்டைப் பூட்டாமல் காவல் இருப்பவர் அவரே. “எனக்கென்ன, நான் சிவப்புதானே” என்பார். அதில் வருத்தம் இருந்ததா, பழக்கம் இருந்ததா என்று அந்த வயதில் எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

அக்கறையின்மை மட்டும் காரணமன்று என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறேன். தோட்டம் ஊருக்கு வெளியே இருந்தது. அலுவலகம் பட்டணத்தில் இருந்தது. ஒரு நாள் சென்றால் ஒரு நாள் கூலி போகும். பாரம் எழுதத் தெரிந்தவர் கிராணியும் ஆசிரியரும்தாம். ‘நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்கே போய்விடலாம்’ என்ற எண்ணமும் பலரிடம் இருந்தது. 1957இல் மலாயாவில் வாழ்ந்த ஏறத்தாழ 7 இலட்சம் இந்தியருள் பலருக்கு, தமக்கு இரண்டு நாடுகள் இருப்பதாகவே தோன்றியது. எந்த நாட்டின் பத்திரமும் தம் கையில் இல்லை என்பது பின்னரே விளங்கியது.

அந்தச் சிவப்பு அட்டையால் என்ன குறை வந்தது?

1969 வரை பெரிய வேறுபாடு இல்லை என்று பலர் இருந்துவிட்டனர். குடியுரிமை அற்றோர்க்கு வேலை அனுமதிப் பத்திரம் கட்டாயம் என்னும் சட்டம் 1968இல் இயற்றப்பட்டு, 1969இல், மே கலவரத்திற்குப் பின் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. 20, 30 ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் வேலை பார்த்தவர்களும் திடீரெனப் பத்திரம் கேட்கப்பட்டார்கள். ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் அக்காலக்கட்டத்தில் நாட்டைவிட்டு வெளியேறினர் என ஆய்வாளர்கள் குறிப்பிடுவர். கணவன் சென்று மனைவி தங்கிய குடும்பங்களும், பெற்றோர் சென்று மூத்த பிள்ளைகள் தங்கிய குடும்பங்களும் உண்டு. பழைய தோட்டப்புறங்களில் இன்றும் முதியோர், “அந்த பெர்மிட்டு வந்த வருசம்” என்று அவ்வாண்டைக் கணக்கிடுவதைக் கேட்கலாம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலமும் அதுவே. அதனைத் தடுக்கும் நோக்கில் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் என்பதை நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். நிலத்தைக் காத்த வரலாற்றோடு, பத்திரமின்றிச் சென்றவர்களின் வரலாற்றையும் சேர்த்துக் கற்பித்தல் நலம்.

இன்று புதிதாக வருவோர்க்கு நிரந்தர வசிப்பிடத் தகுதி எப்படிக் கிடைக்கும்?

இனி, முதல் சாராரின் கேள்விக்கு வருவோம். முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வேலை அனுமதி, சமூக வருகை அனுமதி, மாணவர் அனுமதி ஆகியவை தற்காலிகமானவை. அவற்றை எத்தனை முறை புதுப்பித்தாலும் அவை தாமாக நிரந்தரத் தகுதியாக மாறுவதில்லை. உணவகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் பணியாற்றத் தமிழகத்திலிருந்து வரும் சகோதரர்கள் பெறும் தற்காலிக வேலை அனுமதியில் குடும்பத்தை அழைத்து வரவும் இயலாது.

நிரந்தர வசிப்பிடத் தகுதி என்பது குடிநுழைவுத் துறை வழங்கும் ‘பெர்மிட் மாசுக்’ என்னும் நுழைவு அனுமதியின் வழி கிடைப்பதாகும். அதனைப் பெற்ற பின்னரே பதிவுத் துறை சிவப்பு அட்டையை வழங்கும். பெரும் முதலீட்டாளர், துறை வல்லுநர், மலேசியரின் கணவன் அல்லது மனைவி எனப் பல பிரிவுகள் உள. நம் பள்ளிக்கு வரும் தாய்மார்க்கு உரியது இறுதிப் பிரிவு. கணவர் மலேசியராக இருக்க, மனைவி நீண்டகால வருகை அனுமதியில் தொடர்ந்து 5 ஆண்டுகள் இங்கு வாழ்ந்த பின் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் தகுதி வேறு, கிடைப்பது வேறு என்பதை நினைவில் கொள்க. இடையில் அனுமதி காலாவதியானால் தொடர்ச்சி அறுந்துபோகும்.

நிரந்தரத் தகுதி பெற்றவர் தம் பழைய நாட்டின் கடவுச்சீட்டையே வைத்திருப்பார். மலேசியக் கடவுச்சீட்டோ வாக்குரிமையோ அவருக்கு இல்லை. குடியுரிமைக்கு வேறு படிகள் உள. மலேசியக் குடிமகனின் மனைவி பதிவின் வழி விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. நடைமுறையில் அது நிரந்தரத் தகுதிக்குப் பின்னரே அமைகிறது. பிறர் குடியேறியோர் என்ற முறையில் விண்ணப்பிக்க, 12 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருக்க வேண்டும். போதிய மலாய் மொழி அறிவும் வேண்டும். மலேசியப் பெண்ணை மணந்த வெளிநாட்டு ஆடவருக்கு, மனைவி வழியாகக் குடியுரிமைப் பதிவு இல்லை. இரட்டைக் குடியுரிமையை மலேசியா ஏற்பதில்லை, இந்தியாவும் ஏற்பதில்லை.

வந்து சேர்ந்த தாய்மார்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மலாய் மொழியைப் பிள்ளையோடு சேர்ந்து இன்றே கற்கத் தொடங்குங்கள். 1958இல் 32 வயதுப் பெண்களைத் தடுத்து நிறுத்திய அதே படிக்கட்டு இன்றும் அங்கேயே இருக்கிறது.

இங்கே பிறந்த குழந்தை மலேசியக் குடிமகன் தானே?

பலரும் ‘ஆம்’ என்றே கருதுகின்றனர். இத்தவற்றுக்கு விலை கொடுப்பவர்கள் பிள்ளைகள்.

முன்னர்க் கூறியபடி, 1962 முதல் பிறந்த மண் மட்டும் போதாது. பெற்றோரின் நிலையும் வேண்டும். இதில் நம் சமுதாயத்தைப் பெரிதும் பாதிப்பது திருமணப் பதிவு. 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதோரின் திருமணம் சட்டப்படி பதியப்பட வேண்டும். கோவிலில் தாலி கட்டி, ஆயிரம் பேருக்கு விருந்து வைத்தாலும், பதிவு இல்லையேல் சட்டத்தின் கண்ணில் அது திருமணம் அன்று. அவ்வாறு பிறந்த குழந்தையின் குடியுரிமை தந்தையைப் பின்பற்றாது, தாயைப் பின்பற்றும். தாய் வெளிநாட்டவராகவோ பத்திரம் இல்லாதவராகவோ இருப்பின், தந்தை நீல அட்டை வைத்திருந்தும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் ‘புக்கான் வார்கானெகாரா’, அதாவது குடிமகன் அல்லன் என்று பதிவாகிவிடும். பின்னர் ஓடிச் சென்று திருமணத்தைப் பதிந்தாலும், பதிவுத் துறை பார்ப்பது குழந்தை பிறந்த நாளில் இருந்த நிலையையே.

சிவப்பு அட்டை வைத்திருக்கும் பெற்றோர் மற்றொரு மாற்றத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 2024 அக்டோபர் 17இல் மக்களவை நிறைவேற்றிய அரசமைப்புச் சட்டத் திருத்தம், மலேசியத் தாய்மார் வெளிநாட்டில் பெறும் பிள்ளைகளுக்கும் குடியுரிமை வழங்க வழி செய்தது. நெடுங்காலப் போராட்டத்தின் வெற்றி அது. அதே திருத்தத்தில், நிரந்தர வசிப்பிடத் தகுதி உடைய பெற்றோர்க்கு இங்குப் பிறக்கும் பிள்ளைக்குத் தானாகவே கிடைத்து வந்த குடியுரிமையை நீக்கும் விதியும் அடங்கியுள்ளது. பெற்றோர் இருவருமே சிவப்பு அட்டையினராக இருப்பின் இது பெரிய வேறுபாடு. இவ்விதி தம் குழந்தையைத் தொடுமா என்பதை அத்தகைய பெற்றோர் பதிவுத் துறையிடம் நேரில் கேட்டறிதல் வேண்டும்.

குடியுரிமை இல்லாத பிள்ளைக்குச் சிறப்புச் சூழல் அடிப்படையில் விண்ணப்பிக்க 15ஏ என்னும் பிரிவு உண்டு. நெடுங்காலமாக அதற்கு 21 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவ்வயதை 18 ஆகக் குறைக்கும் விதி உள்ளது. நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குக் காலம் சுருங்கிவிட்டது என்பதே இதன் பொருள்.

பள்ளியில் நாம் என்ன செய்யலாம்?

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. அப்பள்ளிகளில் பாடம் நடத்திய ஆசிரியரே ஊராருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார், பாரம் நிரப்பிக் கொடுத்தார். தோட்டங்கள் மறைந்து வருகின்றன. அந்தப் பணி மறையவில்லை.

முதலாவதாக, முதலாம் ஆண்டுப் பதிவின்போதே பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை எழுதியுள்ள இடத்தைப் பெற்றோரோடு சேர்ந்து படித்துப் பாருங்கள். பலர் அவ்வரியைப் பார்த்ததே இல்லை.

இரண்டாவதாக, ‘குடிமகன் அல்லன்’ என்றிருந்தால் பெற்றோரைப் பிறர் முன்னிலையில் கேட்காதீர்கள். தனியே அழைத்துப் பேசுங்கள். 2019 முதல், பெற்றோரில் ஒருவர் மலேசியராக இருந்தால் ஆவணமற்ற பிள்ளையையும் அரசுப் பள்ளியில் சேர்க்க வழி செய்யப்பட்டது. ஆகவே ‘பத்திரம் இல்லை, போங்கள்’ என்று திருப்பி அனுப்பும் முன் மாவட்டக் கல்வி அலுவலகத்தைக் கேளுங்கள்.

மூன்றாவதாக, 12 வயது நிரம்பிய மாணவர்கள் மைகார்டு எடுத்துவிட்டனரா என்று ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியர் பட்டியலிட்டுப் பார்க்கலாம். இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பின் இதனைக் கவனிக்க நம்மைப் போல் குடும்பத்தை அறிந்தவர் இருப்பது அரிது.

நான்காவதாக, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள்: குழந்தை பிறந்த 60 நாளுக்குள் பதிவு, குழந்தை பிறக்கும் முன்னரே திருமணப் பதிவு. கூட்டத்திற்கு வருவோரின் தம்பிக்கோ தங்கைக்கோ அச்செய்தி சென்று சேர்ந்தால் போதும்.

2011 பிப்ரவரியில் அரசு ‘மைடஃப்தார்’ இயக்கத்தை நடத்தியபோது, இந்திய சமுதாயத்தினர் பல ஊர்களில் வரிசையில் நின்றதை நாம் கண்டோம். நாடு விடுதலை பெற்று 50 ஆண்டுகளுக்குப் பின்னரும் அவ்வரிசை நீண்டிருந்தது. அவ்வரிசையில் நின்ற முதியோரை அந்நியர் என்று எண்ணுவது அறியாமை. அவர்களுள் பலர் ஒரு தேதியைத் தவறவிட்டவர்கள். அல்லது அத்தேதி வந்ததையே அறியாதவர்கள்.

புதிதாக வந்த பெற்றோரே, உங்களுக்கு அந்தத் தேதிகளைச் சொல்ல இன்று ஆள் இருக்கிறது. உங்கள் அனுமதி முடியும் நாள், பிள்ளை 12 வயதை எட்டும் நாள், 18 வயதை எட்டும் நாள் ஆகிய மூன்றையும் வீட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள். எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், பிள்ளையின் வகுப்பாசிரியரைக் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால், உங்களோடு சேர்ந்து அவரும் தேடட்டும்.